அவள் சொல்லி நான் எழுதிய விண்கலக் கதைகள்

தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் இந்தியில் ஒரு விண்வெளித் தொடர் ஓடியது. நான் அப்போது மதுரையில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொடரைத் தமிழில் பாக்கெட் நாவலாகப் போட முதலாளி அனுமதி வாங்கிவிட்டார். கதை வசனம்தான் பம்பாயிலிருந்து வந்துசேரவே இல்லை.

"டிவியப் பாத்தே எழுதிருங்கம்மா" என்று என்னிடம் தள்ளிவிட்டார். எனக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது.

என் தோழி வீட்டில் உருது பேசுவார்கள், அதனால் அவளுக்கு இந்தி புரியும். காஜிமார் தெருவில் அவர்கள் வீட்டு டிவி முன்னால் இருவரும் உட்காருவோம். அவள் என் காதோரம் தமிழில் சொல்லச் சொல்ல நான் கிறுக்கிக்கொள்வேன். ஒருநாள், விண்கலம் ஓட்டுகிற பெண் பல வருஷம் கழித்துத் தன் கிரகத்தில் வந்து இறங்குகிற நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது.

"போச்சு. இப்ப என்னத்த எழுத?" என்றேன்.

"நான் சொல்றேன், எழுது. வீட்டுக் கதவத் தட்டுவா. தொறக்கிறவங்களுக்கு இவள அடையாளம் தெரியாது. தண்ணி மட்டும் வாங்கிக் குடிச்சிட்டுத் திரும்பிருவா."

அப்படியே எழுதினேன். இரண்டாவது புத்தகம் அதோடுதான் முடிந்தது. வாடிப்பட்டி, மேலூர் வாசகர்களெல்லாம் அந்த முடிவைப் பற்றித்தான் கார்டு போட்டார்கள்.

மூன்றாவது புத்தகம் வந்த கையோடு அவளுக்குக் கல்யாணமாகி வேலூர் போய்விட்டாள். நான் எங்கள் வீட்டு டிவி முன்னால் தனியாக உட்கார்ந்தேன். திரையில் வாய்கள் அசைந்தன, அவ்வளவுதான்.

"மூணு எழுதிட்டீக, இன்னும் ஒண்ணு எழுத எம்புட்டுக் கஷ்டம்?" என்றார் முதலாளி.

எழுதிப் பார்த்தேன். கதையில் யார் பேசினாலும் அவள் குரல்தான் காதில் கேட்டது. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது மட்டும் பிடிபடவில்லை. நான்காவதை வேறொருவர் எழுதினார். அது சரியாகப் போகவில்லை. டிவியில் தொடர் நின்றதும் புத்தகங்களும் நின்றுபோயின.

சில வருஷம் கழித்து அவள் தன் தம்பி கல்யாணத்துக்கு மதுரை வந்திருந்தாள், இடுப்பில் குழந்தையோடு. அந்த நான்காவது புத்தகத்தை எடுத்துப் போயிருந்தேன். மண்டபத்து வராந்தாவில் நின்றபடியே, விண்கலம் ஓட்டுகிற பெண் பேசுகிற இரண்டு பக்கம் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏய், இவ இப்பிடிப் பேச மாட்டாளே!"

"வேற என்ன சொல்லியிருப்பா? சொல்லு."

குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு யோசித்தாள். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ உருதுவில் கூப்பிட்டார்கள்.

"இந்தா வாரேன். போயிராத" என்று என் கையை அழுத்திவிட்டுப் போனாள்.

பந்தி முடியும்வரை நின்றேன். பெண்கள் கூட்டத்துக்கு நடுவே அவள் முகம் ஒருமுறை தெரிந்தது. இரு என்று கையைக் காட்டினாள். அப்புறம் அவளைத் தனியாகப் பிடிக்கவே முடியவில்லை. அன்று சாயங்கால ரயிலுக்கே அவளும் கணவரும் வேலூர் கிளம்பிவிட்டார்கள்.