பின்பக்கமாக நடந்தவளின் வக்கீல்

கடையில் முகூர்த்தப் புடவை ஒன்றை விரித்துக்கொண்டிருந்தேன். வக்கீல் துரைசாமியின் குமாஸ்தா வாசலில் வந்து நின்றார். "ஐயா போயிட்டாருப்பா" என்றார். புடவையை மடிக்காமலே எழுந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஏழைகளிடம் பீஸ் வாங்காத வக்கீல் என்று இரங்கல் கூட்டத்தில் பேசினீர்கள். என்னிடம் வாங்கினார். சைக்கிளில் புடவை மூட்டை கட்டி ஊர் ஊராக விற்ற காலத்திலும் கறாராக வாங்கினார். வாங்கியதற்கு உழைத்தார். வியாபாரி வாயில் இதைவிடப் பெரிய புகழ்ச்சி வராது.

என் அக்கா வழக்கை மறந்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். விடிந்ததும் நம் தெருவில், தறியில் ஏற்ற வேண்டிய பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பாவு விரிப்போம். பாவு உருண்டையைப் பிடிப்பவர், இழையைப் பார்த்தபடி தெரு நீளத்துக்கும் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். அக்கா அப்படித்தான் நடந்தாள். தெருவிலிருந்த சாயப்பட்டறையின் ஆட்கள் தங்கள் வாசல் சாக்கடையின் மூடுகல்லைத் தூக்கிக் கழிவை ஊற்றிவிட்டு, மூடாமல் போயிருந்தார்கள். உள்ளே விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு அவள் தறிக்குழியில் கால் வைக்கவே இல்லை.

"வேணும்னே தொறந்து வெச்சிருக்கான், ஐயா" என்று துரைசாமியிடம் கொதித்தேன்.

"வேணும்னு செஞ்சான்னு போனா கேஸ் தோத்துப்பூடும். உங்க அக்கா மேல அவனுக்கு இன்னா விரோதம்? விரோதமே வேணாம்பா. தன் வாசல்ல யார் நடப்பாங்கன்னு தெரிஞ்சிருக்கணும். அவங்களுக்கு அடிபடாம பாத்துக்கணும். பாத்துக்கல. அதனாலதான் அடிபட்டுது. இவ்ளோ நின்னா போதும்."

இதில் 'பாத்துக்கல' என்பதுதான் கோர்ட்டில் நிற்கவில்லை. கல்லைத் தூக்கியது சாக்கடை அள்ள வந்தவர்கள் என்று பட்டறைக்காரர் சாதித்தார். உண்மை தெருவுக்கே தெரியும். ஆனால் பட்டுக்கு அவரிடம்தான் எல்லாரும் சாயம் போட்டார்கள். சாட்சி கேட்டு வீடு வீடாக என்னோடு வந்தார் துரைசாமி.

"நான் அப்போ பல்லு வெளக்கிக்கினு இருந்தேங்க" என்றார் எதிர்வீட்டு முனுசாமி.

"பல்லு வெளக்கறப்போ கண்ணையும் மூடிக்குவியா?"

முனுசாமி சிரித்தார். சாட்சிக்கு வரவில்லை.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அக்காவைக் கேட்டார்: "கண்ணு முன்னாடிதானேம்மா இருக்குது? நீ ஏன் பின்னால நடந்த?" கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். துரைசாமி எழுந்தார்.

"இந்தத் தெருவில் காலையில் வழியைப் பார்த்து நடந்தால் இழை சிக்கிப்போகும். பட்டறைக்காரர் அங்கேயே பிறந்தவர். பின்பக்கமாக ஓர் ஆள் வருவார் என்று அவருக்குத் தெரியாதா? அசலூர்க்காரனுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும்."

சிரிப்பு நின்றது. அக்கா நடந்தது தவறில்லை, அங்கே கல்லைத் திறப்பவன் மூடியே ஆக வேண்டும் என்று நீதிபதியும் ஒப்புக்கொண்டார். ஆனால் திறந்தது பட்டறை ஆள்தான் என்பதற்குச் சாட்சி இல்லை. வழக்கு தள்ளுபடி.

கோர்ட் படியிறங்கும்போது துரைசாமி சொன்னார்: "சட்டம் நம்மள கைவிடலப்பா. உன் தெருதான் கைவிட்டுது."

அவர் போன அன்று, செவிலிமேட்டுப் பக்கம் ஆற்றங்கரைச் சுடுகாட்டில் அவரைக் கிடத்தியிருந்தோம். பட்டறைக்காரர் அனுப்பிய மாலைதான் எல்லாவற்றிலும் பெரியது. முனுசாமி என் காதருகே வந்தார்.

"அன்னிக்கு நான் பாத்தேன்பா. பட்டறை மேஸ்திரிதான் கல்லைத் தூக்கினான்."

"தோ படுத்துக்கினு இருக்காரு. போய் அவராண்ட சொல்லு" என்றேன். கூட்டத்துக்குள் நகர்ந்து மறைந்துவிட்டார்.

தன் வாசலில் யார் நடப்பார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். துரைசாமியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பேச்சு ஒன்றுதான். கடைப் படியில் தண்ணீர் சிந்தினால் துடைத்த பிறகுதான் எனக்கு வியாபாரம். அக்கா இன்றும் வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். முன்னால் பார்த்துத்தான் நடக்கிறாள்.