கணப்புக்காரன் பகோமின் முகம்

முகம் ஒத்துப்போனதற்காக ஒருவனைச் சுட்டுக் கொல்வார்களா? எங்கள் பகோமைக் கொன்றார்கள். இன்னும் என் நெஞ்சு ஆறவில்லை.

வெரெதென்ஸ்கி மாளிகையில் அவன் கணப்புக்காரன், நான் சமையல்காரி. எல்லோரும் எழுவதற்குள் அறை அறையாகப் போய்க் குளிர்காயும் கணப்பில் தீ மூட்டிவிட்டு, தாடியெல்லாம் சாம்பலாக என் அடுப்படிக்கு வந்து முட்டைக்கோஸ் சூப் கேட்பான். வாயில்லாப் பூச்சி. அவன் தாத்தாவுக்கும் இதே வேலைதான். அப்போது அவர்கள் பண்ணையடிமைகள்.

அந்தத் தாத்தா காலத்தில்தான் வெரெதென்ஸ்கிகளுக்குக் கோமகன் பட்டம் கிடைத்தது. பட்டம் வந்துவிட்டது, சுவரில் மாட்ட முன்னோர் படம் இல்லை. பண்ணையில் இருந்த ஓவியன் ஒருவனைப் பிடித்து, கவசம் போட்ட மூதாதையர் ஒருவரை வரையச் சொன்னார்கள். அவன் யாரைக் கண்டான்? விறகோடு வந்த தாத்தாவை உட்காரவைத்து வரைந்துவிட்டான். நானூறு வருடப் பரம்பரை அப்படித்தான் தயாரானது. பகோமோ அந்தத் தாத்தாவை அப்படியே உரித்துவைத்தவன். "கோமகனே, கணப்பு அணையுது, எந்திரிங்க!" என்று வண்டிக்காரன் கிண்டல் செய்வான். பகோமும் சிரிப்பான்.

புரட்சிக்குப் பிறகு, அந்த வம்சத்தில் பிறந்த எங்கள் சீமாட்டி ஜினைதா லவோவ்னாவின் அண்ணன் மகனைத் தேடிப் புது அரசின் அதிகாரி ஒருவன் வந்தான். புரட்சியை எதிர்த்த வெள்ளைப் படையில் இருந்த, பகோம் வயதுடைய அவன் வேலைக்காரன் வேஷத்தில் இங்கே ஒளிந்திருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் அவன் எப்போதோ கடல் தாண்டிவிட்டான். சீமாட்டிக்கும் அது தெரியும்.

விறகோடு கூடத்துக்குள் வந்த பகோமையும் சுவரில் தொங்கிய அந்தப் படத்தையும் அதிகாரி மாறி மாறிப் பார்த்தான்.

"கையப் பாருங்க தோழரே, காய்ச்சுக் கெடக்கு! அது அவன் தாத்தா படம்!" என்று கத்தினேன்.

"கவசம் போட்ட கணப்புக்காரனா? தின்ன உப்பு பேசுதா?"

"அப்ப அம்மாவையே கேளுங்க!"

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பகோம் விறகைக்கூடக் கீழே வைக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது எங்க வம்சத்தோட மூலபுருஷர்," என்றாள் சீமாட்டி. "கணப்புக்காரனையெல்லாம் நாங்க சுவத்துல மாட்டறதில்ல."

"அப்ப இவன் யாரு?"

"எங்க ரத்தமா இருக்கலாம்."

அடிப்பாவி! அண்ணன் மகனைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருந்தாலாவது எனக்குப் புரிந்திருக்கும். ஒரு படத்துக்காகவா?

அன்றைக்கே ஆற்றங்கரையில் கதையை முடித்துவிட்டார்கள். உடலைக்கூடத் தரவில்லை.

மறுநாள் பகோமின் மனைவி உலீதா சீமாட்டியைப் பார்க்கப் போனாள். காறித் துப்பப் போகிறாள் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அவளோ குனிந்து வணங்கி, "அந்தப் படத்தக் குடுத்துருங்கம்மா. பிள்ளைங்க பாக்க அவர் மொகம் எங்ககிட்ட வேற இல்ல," என்றாள்.

சீமாட்டிக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"குடும்பப் படத்த வெளியாளுக்கு எப்படிடி கொடுப்பாங்க?" என்றாள்.