வண்டிப் பெயரின் கடைசி எழுத்துகள்

கோழிப்பண்ணை வேலையை விட்டுவிட்டு நடந்து எரியோட்டைத் தாண்டும்போது நன்றாக விடிந்திருந்தது. தீவனத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை. இருமலோடு நாலு மாதம் ஓட்டினேன், போதும் என்று கிளம்பிவிட்டேன். திண்டுக்கல் வந்து சேர மத்தியானம் ஆனது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பைக் உதிரிபாகக் கடையில் தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

கடையில் ஒரு அக்கா நின்றிருந்தார். சிறுமலைக்காரர். வீட்டுக்காரரின் பைக்கில் எஞ்சினுக்குக் கரண்ட் தரும் மேக்னட் காயில் எரிந்துவிட்டதாம். சாயங்காலம் மெக்கானிக் வந்து மாட்டுவார். வெட்டிய வாழைத்தார்கள் தோட்டத்தில் கிடக்கின்றன, மறுநாள் காலை சந்தைக்கு இறங்காவிட்டால் வீணாகும். மலைக்குப் பஸ் அரை மணி நேரத்தில். காயில் மாறிப்போனால் திரும்பி வர நேரமில்லை.

வண்டியில் இருந்த பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பெயருக்குப் பின்னால் இ.எஸ். என்று இரண்டு எழுத்து. கடைக்காரர் அதைப் பார்த்து ஒரு காயிலை எடுத்துப் பேப்பரில் சுற்றினார்.

“நல்லதாக் குடுங்கண்ணே. நேத்து பூராம் உதைச்சு உதைச்சு அவுக முட்டியே போச்சு,” என்றார் அக்கா.

எனக்கு அங்கேதான் இடித்தது. நான் எட்டாவதைத் தாண்டாதவன். ஆனால் ஓசூர்ப் பக்கம் இரண்டு வருடம் கன்டெய்னர் லாரியில் பைக் ஏற்றி இறக்கியிருக்கிறேன். பட்டியலில் எழுத்துகள்தான் இருக்கும். தப்பாக இறக்கினால் நாங்களே திரும்ப ஏற்ற வேண்டும். கே.எஸ். என்றால் உதைத்துக் கிளப்புவது, இ.எஸ். என்றால் பட்டனில் கிளப்புவது. இரண்டுக்கும் காயில் வேறு. டி மட்டும் வம்பு, ஒரு கம்பெனிக்கு டிஸ்க் பிரேக், இன்னொன்றுக்கு டீலக்ஸ்.

“எப்பவும் உதைச்சுத்தான் கிளப்புவாகளாக்கா?”

“பின்ன, கும்பிட்டாக் கிளம்புமா?”

“ஏலே, தண்ணி குடிக்க வந்தியா, ஏவாரத்தக் கெடுக்க வந்தியா?” என்றார் கடைக்காரர். “பட்டன் ரிப்பேரா இருக்கும்.”

“வலது கைப்பிடியில பட்டன் இருக்காக்கா?”

“ஒண்ணும் கிடையாதுப்பா. தெனமும் நான்தான தொடைக்கிறேன்.”

“அப்ப அந்த எழுத்து?”

அக்கா சிரித்துவிட்டார். “அது எங் கொழுந்தன் ஒட்டுன ஸ்டிக்கரு. ஊருல அம்புட்டு வண்டியிலயும் இருக்காம், எங்க வண்டி மட்டும் மொட்டையா இருக்காம்.”

கடைக்காரர் பேப்பரைப் பிரித்தார். மேல்தட்டிலிருந்து வேறு காயில் எடுத்தார். “மாறிப் போச்சுன்னா நீதான்லே மலையேறிப் பதில் சொல்லணும்.”

“ஏறுறேண்ணே.”

அக்கா பஸ்ஸுக்கு ஓடினார்.

ரயில்வே ஸ்டேஷனில் படுத்து எழுந்து, மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். வயிறு காலி, மனசு மலையில். ஷட்டர் பாதி ஏறும்போது ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பக்கமும் வாழைத்தார், நடுவில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார் அக்காவின் வீட்டுக்காரர். எஞ்சினை அணைக்கவே இல்லை.

“பாக்காமலே எங்க வண்டிக்கு நாடி பிடிச்சது எவன்யா?”

கடைக்காரர் என் முதுகில் ஒன்று வைத்தார். “இவன்தான்.” பிறகு என்னிடம், “உள்ள ஒரு ரூம் பூராம் பெட்டி கிடக்கு, எல்லாத்துலயும் வெறும் எழுத்து. எது எந்த வண்டிக்குன்னு பிரிச்சு அடுக்குவியா?”

“இன்னைக்கே ஆரம்பிக்கிறேண்ணே,” என்று சட்டைக் கையை மடித்து உள்ளே போனேன்.