கழிப்பறைப் பலகையில் என் கைபேசி எண்

நான் ராஜபாளையத்தில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் அதிகாரி. வங்கி தன் லாபத்தில் ஒரு பங்கை ஊர்நலனுக்குச் செலவிடும் சி.எஸ்.ஆர். திட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளி மாணவிகளுக்குக் கழிப்பறை கட்டினோம். யோசனை என்னுடையது. பலகையில் வங்கியின் பெயரை மூன்று முறை சரிபார்த்தேன். கீழே ‘தொடர்புக்கு’ என்று என் கைபேசி எண்ணையும் எழுதச் சொன்னேன். அதைச் சரியென்று நினைத்தது அந்த ஒரு நாள்தான்.

மறுவாரமே போன் வந்தது.

“பேங்குப் பிள்ளையா? பார்வதி பேசுதேன். எம்மக இங்கதான் ஏழாவது படிக்கா. ஒங்க கக்கூஸ்ல தண்ணி வரல தாயி.”

பிளம்பரை அனுப்பினேன். அடுத்து தாழ்ப்பாள். அதற்கடுத்து மோட்டார். மேனேஜர் தினமும் கேட்பார்: “என்னம்மா, இன்னைக்கு டெபாசிட்டா, குழாயா?”

எனக்கு ஒன்றும் அவ்வளவு பொறுப்புணர்ச்சி கிடையாது. ஒன்றரை வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறேன். எந்த எண்ணிலிருந்து போன் வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். விழுந்தது குழந்தையல்ல, உடைந்தது குழாய்தான் என்று தெரிந்ததும் வரும் நிம்மதியில், “இப்பவே ஆள் அனுப்புறேன்க்கா” என்று சொல்லிவிடுவேன்.

ஆண்டு முடிவில் மண்டல அலுவலகம் கேட்டது: சி.எஸ்.ஆரால் கிளைக்கு என்ன வியாபாரம் கூடியது? பதிலைப் பார்த்துத்தான் அடுத்த பள்ளிக்கு அனுமதி. அந்தப் பள்ளியில் கழிப்பறை இல்லாததால் பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடிக்காமலே வருகிறார்கள். தலைமையாசிரியைக்கு நான் வாக்கே கொடுத்துவிட்டேன்.

தேடிப் பார்த்தேன். முதல் பள்ளி இருக்கும் ஊரிலிருந்து ஒரு புதிய கணக்குகூட இல்லை.

“மில்லுக்காரர் இந்த வருசம் போட்ட டெபாசிட்ட இதுல சேத்து எழுதிருங்க. யாரு கேக்கப் போறா?” என்றார் மேனேஜர்.

எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். கடைசியில் ‘எதுவும் கூடவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போடாமல் மேசையோரம் தள்ளி வைத்தார். இரவெல்லாம், மில்லுக்காரரையே எழுதியிருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பார்வதி அக்கா தன் மகளிர் குழுவோடு வந்து நின்றார்.

“எங்க குழுக் கணக்க இங்க மாத்தணும் தாயி.”

“கழிப்பறை கட்டிக் குடுத்ததுக்காகவா அக்கா?” என்று ஆசையோடு கேட்டேன்.

“கட்டிக் குடுக்க ஆயிரம் பேரு வருவாக, போட்டா எடுத்துட்டுப் போயிருவாக. எங்க பேங்குக்குப் போன் போட்டா ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு மிசினு பேசுது. நீ மொத மணியிலயே எடுக்கே. குழாய்க்கே இம்புட்டு ஓடுறவ, எங்க காசுன்னா சும்மாவா இருப்ப?”

அறிக்கையை மாற்றினேன்: ‘கட்டியதால் வியாபாரம் கூடவில்லை. பழுது பார்த்ததால் ஒரு குழு வந்தது. அடுத்த பள்ளிக்குப் பராமரிப்புச் செலவும் சேர்த்துத் தரவும்.’ மேனேஜர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு: அந்தப் பலகையிலும் இதே எண் இருக்க வேண்டும்.

புதிதாக வேலையில் சேர்பவர்களுக்குச் சொல்கிறேன். கட்டுவதற்குப் பணம் கேட்கும்போதே பழுது பார்க்கவும் கேட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் அதைப் பார்த்துத்தான் வருகிறார்.

முதல் மணியிலேயே போனை எடுப்பதற்கான காரணத்தை மட்டும் நான் அறிக்கையில் எழுதவில்லை.