பேப்பரில் எரிந்த ஊரும் சித்தியின் அடுப்பும்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் யாராவது பெயரைக் கேட்டாலே குரல் உள்ளே போய்விடும். அப்படிப்பட்டவள் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் போன கிழமை என் மகன் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். ஏதோ ஒரு நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டதாம். வெளிநாட்டுப் பத்திரிகை போட்ட படம். கவச வாகனம், அதன்மேல் துவக்கை நீட்டியபடி சிப்பாய் ஒருவன், பின்னால் கரும்புகை. ஊரே எரிகிறது அம்மா என்றான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் மூலைகளைப் பார்த்தேன். அங்கே என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டான். சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. யாழ்ப்பாணத்துப் புத்தூரில் எங்கள் வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், மற்றதில் சித்தி. சித்தப்பா கலியாணம் முடித்த அடுத்த வருடமே ஆபிரிக்காவில் ஒரு நாட்டுக்குக் கணக்குப் படிப்பிக்கப் போய்விட்டார். அந்த நாட்களில் எங்கள் பக்கத்து வாத்திமார் பலர் அப்படிப் போனார்கள். தனக்கும் விசா வரும், தானும் போவேன் என்று சித்தி காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில் எங்களோடு சேர்ந்து வெங்காயம் நட்டாள்.

அந்த நாட்டில் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டது என்று ரேடியோ ஒருநாள் ஒரே வரியில் சொன்னது. அடுத்த வரியில் கிரிக்கெட் முடிவுக்குப் போய்விட்டது. அதன்பிறகு சித்தப்பாவிடமிருந்து காகிதம் வருவது நின்றுபோனது. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் சித்தி கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாசல் படலைக்கு ஓடுவாள். கொஞ்ச நாளில் ஓடுவதை விட்டு, நின்ற இடத்திலேயே நின்று காது கொடுத்தாள்.

பெரியப்பா கொழும்பில் கந்தோர் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து, கைபிடித்து ஆளாக்கியவர் அவர்தான். இலண்டனில் இருக்கும் அவருடைய மருமகன் அங்கத்தைய பேப்பர்களைக் கட்டுக்கட்டாக அனுப்புவான். வந்து சேரும்போது செய்தி பழசாகியிருக்கும். ஆனாலும் பெரியப்பா அதை வாசிகசாலையில் நின்று அன்றைய செய்தி போலத் தமிழில் சொல்லுவார். சொல்லும்போது தமிழ் கொஞ்சம் பொங்கிவிடும். பேப்பர்காரன் நெருப்பு என்று எழுதியிருந்தால் பெரியப்பாவின் வாயில் அது தீச்சுவாலை ஆகும்.

ஒரு புதன்கிழமை காலை அவர் வாசிகசாலையில் சொன்னது இவ்வளவுதான். தலைநகரம் தீக்கு இரையானது, வீதிகள் வெறிச்சோடின, வெளிநாட்டு ஆசிரியர்களின் கதி தெரியவில்லை. சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். கேட்டவர்கள் பேப்பரை விட்டுவிட்டு அவருடைய கண்ணை வாசித்தார்கள். அதனால் வாசிகசாலையில் 'கதி தெரியவில்லை' என்று இருந்த செய்தி, சந்தி தாண்டி எங்கள் ஒழுங்கைக்கு வரும்போது 'வாத்தியார் போய்விட்டார்' என்று ஆகியிருந்தது.

முதலில் வந்தவர் பக்கத்து வளவு மாமி. கையில் மூடிய சட்டி, அதற்குள் சோறும் கறியும். செத்தவீட்டில் அடுப்பு எரிவதில்லை, அயலவர்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள். மாமி சட்டியை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பின்னால் இன்னும் சிலர் வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். கடைசியாகப் பெரியப்பா பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

சித்தி படியிறங்கி வந்தாள். அந்தப் பேப்பரை வாங்கி முற்றத்து வெயிலில் விரித்தாள். நானும் அருகில் குந்தினேன். அரைப் பக்கத்துக்கு ஒரு படம். துவக்கோடு ஒரு சிப்பாய், எரிந்த பஸ், புகை. சித்தி விரலை நகர்த்தி நகர்த்திப் படத்தின் ஓரத்துக்குப் போனாள். அங்கே சிப்பாயின் முதுகுக்குப் பின்னால், நகத்தளவில் ஒரு பெண் குந்தியிருந்து சட்டியில் ஏதோ பொரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒருவன் குனிந்து கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

சித்தி பெரியப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். புருஷனின் அண்ணனை அவள் அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். "அத்தான், உதிலை ஒரு மனிசி பலகாரம் சுடுறா. துவக்குக்காரனுக்குப் பின்னாலை நிண்டு ஒருத்தன் அவவோடை விலை பேசுறான். விலை பேசுறாங்கள் எண்டால் ஊர் இருக்கு."

படத்தை வைத்துச் சொல்லேலாது பிள்ளை, உலகமெல்லாம் வாசிக்கிற பேப்பர் என்றார் பெரியப்பா.

"எங்களைப் பற்றியும் எழுதின பேப்பர்தானே."

சித்தி அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. சில மாதங்களுக்கு முன் அதே பேப்பர் எங்கள் யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதி, இடிந்த கட்டடம் ஒன்றின் படத்தைப் போட்டு, சனங்கள் கைவிட்டுப் போன நகரம் என்று சொல்லியிருந்தது. அதையும் பெரியப்பாதான் வாசிகசாலையில் மொழிபெயர்த்தார். கேட்டவர்கள் அப்போதுதான் எங்கள் ஊர்ப்பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் நெரிபட்டு, மரக்கறியோடு பஸ்ஸில் தொங்கி வந்தவர்கள். நாங்கள் எப்பவடா ஓடினனாங்கள் என்று சிரித்தார்கள். கட்டடம் இடிந்தது உண்மைதான். செத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அடுத்த நாள் பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நின்றதையும், கோயிலில் மணி அடித்ததையும் அந்தப் பேப்பர்காரன் எங்கே பார்த்தான்?

சித்தி எழும்பிப் போய் முகம் கழுவினாள். நெற்றியில் குங்குமத்தை வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்தாள். பிறகு அடுப்பை மூட்டினாள். எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றி, தட்டத்தில் வைத்து என்னிடம் தந்தாள். செத்தவீட்டுக்கு என்று வந்தவர்கள் அந்த வீட்டு அடுப்பில் கொதித்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் தட்டத்தோடு அசையாமல் முன்னால் நின்றேன். குடிக்காமல் என்ன செய்வது? குடித்தார்கள். அதற்குள் சித்தி கத்தரிக்காய் பொரித்து, மாமி கொண்டுவந்த சட்டியைக் கழுவி, அதில் சோறும் பொரியலும் போட்டு மாமியிடமே நீட்டினாள். எங்கள் ஊரில் வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை.

மாமி சட்டியை வாங்கிக்கொண்டு பேசாமல் படலைக்கு நடந்தார். அதுவும் வழக்கம்தான். செத்தவீட்டிலிருந்து போகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. சித்தி பின்னால் போனாள்.

"மாமி, சொல்லிப்போட்டுப் போங்கோ."

"என்னத்தைப் பிள்ளை?"

"போட்டு வாறன் எண்டு."

மாமி சித்தியின் முகத்தையும் குங்குமத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முற்றத்தில் இருந்த எல்லோரும் மாமியையே பார்த்தார்கள். கடைசியில் மாமி மெல்லிய குரலில், "போட்டு வாறன் மோனை" என்றார். அதன்பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் படலையில் நின்று அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பெரியப்பா கடைசியாகச் சொன்னார். சொல்லும்போது அவருக்கு மறுபடியும் கண் கலங்கியது. ஆனால் சொல்லிவிட்டார்.

சித்தப்பா உயிரோடுதான் இருந்தார். பிறகு ஊருக்கு வந்தபோது அவர் சொன்ன கதை ஒரு பேப்பரிலும் இல்லாதது. வாசிகசாலைக்கு இன்னொரு நாட்டிலிருந்து இலவசமாக வரும் சஞ்சிகை ஒன்று, அதே ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றி, சனங்கள் தெருவில் ஆடிப்பாடிப் பூத் தூவினார்கள் என்று படத்தோடு போட்டிருந்தது. சித்தப்பா தீயையும் காணவில்லை, பூவையும் காணவில்லை. எங்கோ வெடிச்சத்தம் கேட்டதாம், தபாலும் தண்ணீரும் நின்றுபோயினவாம். அவர் வீட்டுக்குள் இருந்து சோதனைத் தாள் திருத்தியிருக்கிறார். அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சட்டி நிறையச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு அழுதாளாம். அவள் பார்த்த வெளிநாட்டுப் பேப்பரில் எங்கள் தீவு எரிந்துகொண்டிருந்ததாம்.

எங்கள் சித்தி ஒரு பேப்பருக்கு எதிராக அடுப்பு மூட்டியவள் என்பதில் எனக்கு அன்றும் பெருமை, இன்றும் பெருமை. அன்று எல்லோரும் போனபிறகு அம்மா எங்களுக்குச் சோறு போட்டாள். சித்தி தனக்கு விரதம் என்று சொல்லித் தன் பங்குக் கத்தரிக்காய்ப் பொரியலையும் என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டாள். நான் சந்தோசமாகச் சாப்பிட்டேன். படத்தைப் பார்த்தே சித்திக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் வெள்ளிக்கிழமை மட்டுமே விரதம் பிடிப்பவள். அன்று புதன்கிழமை. கிழமைகளை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த எனக்கு அது விளங்கவில்லை.

அடுத்த நாளும் காகிதம் வரவில்லை. சித்தி வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டினாள். நான் பள்ளிக்கூடம் போனேன்.