திருவனந்தபுரத்தில் இறங்காத விமானம்

எண்பதுகளின் நடுவில் என் மனைவி மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். மகளுக்கு அப்போது இரண்டு வயது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என் அக்கா எங்களோடு வந்து தங்கினாள்.

மனைவியை வழியனுப்பப் போன அன்று திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில், "ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீக? நாலு மணி நேரத்துல போய்ச் சேந்துருவேன். நீங்க வீடு போய்ச் சேரத்தான் அதவிட நேரமாகும்" என்றாள்.

அது நிஜந்தான். என் பஸ் தென்மலை வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறும்போதே அவள் பாதிக் கடலைத் தாண்டியிருப்பாள். அவ்வளவு கிட்டத்தில் இருப்பவளை இரண்டு வருஷத்துக்குப் பார்க்க முடியாது என்பது மனசுக்கு ஏறவே இல்லை. மில்லில் நாலு மணி நேரம் என்பது பாதி ஷிப்டு. மிஷின் சத்தத்துக்கு நடுவே, இப்போது கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவாளே என்று நினைப்பு ஓடும்.

முதல் லீவுக்கு அவள் வரும் நாளில் முந்தின ராத்திரியே கிளம்பிப் போய் வாசலில் நின்றேன். நல்ல மழைக்காலம். விமானம் இறங்க முடியாமல் மெட்ராசுக்குத் திருப்பிவிட்டார்கள் என்றார்கள். பயணிகளை மறுநாள் கூட்டி வருவார்களாம். ஈரச் சட்டையோடு அங்கேயே கிடந்தேன். மறுநாள் காலை விமானம் வந்தது. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு எல்லாரும் வந்தார்கள். அவள் வரவில்லை.

பூத்துக்கு ஓடி, எங்கள் தெரு முனை மருந்துக்கடைக்குப் போன் போட்டேன். கடை பாய்தான் எடுத்தார்.

"தம்பி, ஒங்க வீட்டுக்காரவுக காலையிலேயே ரயில்ல வந்து எறங்கிட்டாகளே! நீங்க இன்னும் அங்க என்ன பண்ணுதீக?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். செங்கோட்டை, தென்காசி, புளியங்குடி என்று ஊர்கள் வந்துகொண்டே இருந்தன. வழியில் ஒரு டீ குடிக்கக்கூட இறங்கவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது விளக்குப் போட்டிருந்தார்கள். மகள் அவள் மடியில் ஏறி உட்கார்ந்து வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். அத்தனை நாள் போட்டோவில் மட்டும் பார்த்த முகத்தோடு ஒரே பகலில் ஒட்டிக்கொண்டாள். நான் கூப்பிட்டதற்கு வரவில்லை.

"ஏரோப்ளேன் எப்பக் கெளம்பும்னு யாரும் சரியாச் சொல்லல. ஒங்ககிட்டச் சொல்லவும் வழியில்ல. சாயங்கால ரயிலு நேரா நம்ம ஊருக்கு வருதுன்னதும், பிள்ளையப் பாக்கணும்போல இருந்துச்சு, ஏறிட்டேன். கோவமா?"

"கோவம் இல்லட்டி. ஒரு மாச லீவுல ஒரு நா போயிருச்சே."

அவள் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகும் சில வருஷங்கள் போய் வந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு ராஜபாளையத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். அவள் முன்பக்கம் ஏறுவாள், நான் பின்பக்கம் தொங்குவேன். மம்சாபுரம் விலக்கு ஸ்டாப்பில் கூட்டம் கொஞ்சம் இறங்கும். அப்போது அவள் தலை தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.