ஹம்பேர்க் படகில் அவர் உரக்கச் சொன்னது

போன கோடையில் ஹம்பேர்க் நகரத்தில் நடந்தது இது. அங்கே வேலை பார்க்கும் எங்கள் மகள், கால்வாய் வழியாகப் பழைய பண்டகசாலைகளைச் சுற்றிக்காட்டும் படகுக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்துத் தந்திருந்தாள். நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சன் ஊரில் இருந்து ரயிலில் போயிருந்தோம்.

என் கணவருக்கு நீரிழிவால் பார்வை போய்விட்டது. வெளிச்சமும் இருட்டும் தெரியும், அவ்வளவுதான். மகளையும் வைத்தியரையும் தவிர யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. "நாலு சனம் என்ன கதைக்கும்?" என்பார். அதனால் கோவில் திருவிழா, கல்யாண வீடு என்று எங்கே போனாலும் நான் அவர் கையைக் கோத்தபடி, எதிரில் வருபவரின் பெயரைக் காதில் ஓதுவேன். உடனே இவர், "அட தம்பி, எப்பிடிச் சுகம்?" என்று கையை நீட்டுவார். எல்லோரும் நம்பினார்கள். இந்த வயதில் என்ன ஒட்டுதல் என்று சில பெண்கள் கேலிகூடச் செய்தார்கள். எனக்கோ ஒவ்வொரு விழாவும் முடிவதற்குள் உயிர் போய் உயிர் வரும். அவரும் மெல்ல மெல்ல வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். ஒரேயடியாக வீட்டோடு முடங்கிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

ஹம்பேர்க்கில் எங்களை யாருக்குத் தெரியும்? ஆனால் பழக்கம் விடுமா? அங்கேயும் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் போய் உட்கார்ந்தோம். வழிகாட்டி ஓர் இளம்பெண். வலப்பக்கம் பாருங்கள், இடப்பக்கம் பாருங்கள் என்று அவள் ஜெர்மனில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் கிசுகிசுத்தேன்.

"சிவப்புச் செங்கல் கட்டடமப்பா, தண்ணிக்குள்ளை இருந்தே எழும்பி நிக்குது. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கதவு, திறந்தா நேரா தண்ணி! உச்சியிலை மூட்டை தூக்கிற கொக்கி. கூரை பச்சை, களிம்பு பிடிச்ச செம்புக் குடம் மாதிரி."

"பாலத்திலை சிலை எண்டாளே, அது எப்பிடி? வடிவாச் சொல்லுமப்பா."

வெகுநாளைக்குப் பிறகு அவர் குரலில் ஆசை தெரிந்தது. உற்சாகத்தில் நான் குரலை உயர்த்திவிட்டேன் போலும். முன்னால் ஓரத்தில் இருந்த ஒரு ஜெர்மன் அம்மா திரும்பி உதட்டில் விரலை வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். பிறகு, தாங்கள் வழிகாட்டியின் விளக்கத்தைக் கேட்க வந்திருப்பதாக வாய்விட்டே சொல்லிவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தமிழ் காதில் விழுந்தாலே இந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்று முடிவுகட்டி, வாயைத் திறந்தேன். கணவர் என் கையை அழுத்தினார். பிறகு ஜெர்மனில், படகு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "மன்னிக்கவேண்டும். எனக்குக் கண் தெரியாது. மனைவி எனக்கு விவரம் சொல்லிக்கொண்டு வருகிறார்."

எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. அந்த அம்மாவின் முகம் சிவந்தது. எழுந்து வந்து, ஓரத்தில் இருந்த தன் இடத்தை என் கணவருக்குக் கொடுத்தார். அந்த அம்மாமேல் என்ன பிழை? நாங்கள் சொல்லாததை அவர் எப்படி அறிவார்?

வழிகாட்டிப் பெண் படகோட்டியிடம் ஏதோ சொன்னாள். படகு மெதுவாக ஒரு சுவரோரம் போய் நின்றது. கையை நீட்டுங்கள் என்றாள். இவர் செங்கல்லை மேலும் கீழும் தடவினார்.

"இஞ்சை பாருமப்பா, இதுவரைக்கும் பாசி, வழுக்குது. இதுக்கு மேலை காஞ்சு கிடக்கு. கடல் ஏறினா தண்ணி இந்த மட்டுக்கு வரும்போலை."

நான் பார்த்தும் கவனிக்காததை அவர் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அழுகையை அடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு நான் கிசுகிசுக்காமல் வாய்விட்டே சொன்னேன். வழிகாட்டியும் எனக்காக இடைவெளி விட்டு விட்டுப் பேசினாள்.

அடுத்த வாரம் கோவிலில் தெரிந்த தம்பி ஒருவர், "அண்ணை, ஹம்பேர்க் பாத்தியளோ?" என்று கேட்டார்.

"ஓம் தம்பி. எனக்குக் கண் தெரியாது. மனிசி சொல்லச் சொல்லப் பாத்தன், கையாலையும் பாத்தன்."

 "வாங்கோ அண்ணை, சாப்பிடப் போவம்" என்று அந்தத் தம்பி இவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். யாரிடமாவது உதவி கேட்க நான் தயங்கும்போதெல்லாம், அவர்களுக்குப் பின்னால், இவர் கையைக் கோக்காமல், கையை வீசிக்கொண்டு நடந்த அந்தச் சிறு தூரம்தான் இன்றும் எனக்குத் தைரியம் தருகிறது.